மரச்சீனிக்குள் ஒரு வேதியியல் பாடம்

பிளஸ் டூ வேதியியலில் கீட்டோன் பாடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு வினையை எழுதிப் பழகியிருப்பார்கள்: அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்தால் அசிட்டோன் சயனோஹைட்ரின். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து அடுக்களைகளில் அதே வினை தலைகீழாக நடக்கிறது, மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கை நறுக்கும்போது.

கிழங்கில் லினமாரின் என்றொரு குளுக்கோசைடு உண்டு. அதை உடைக்கும் லினமாரேஸ் நொதியும் அதே கிழங்கில்தான் இருக்கிறது, ஆனால் வேறிடத்தில். கத்தி பட்டுத் திசு சிதைந்ததும் இரண்டும் கலந்துவிடும். குளுக்கோஸ் கழன்றுபோக, மிஞ்சுவது சயனோஹைட்ரின். அதுவும் பிரிந்து சயனைடு வெளிவரும். சுமார் 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் அது, சூட்டில் பறந்துவிடும். உடையாமல் தங்கிய லினமாரின் தண்ணீரில் கரையும். நிறையத் தண்ணீர்விட்டு, மூடாமல் வேகவைத்து, வடித்துக் கொட்டச் சொல்லும் பாட்டிமார் இந்த இரண்டு வழியையும் ஒருசேரப் பிடித்திருக்கிறார்கள். கரிம வேதியியலும் உயிர்வேதியியலும் ஒரே பானையில்! 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. இதை ஆராயும் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963இல் தொடங்கியது. அது இருக்கும் ஸ்ரீகாரியமும் இதே திருவனந்தபுரம் மாவட்டம்தான்.

அதே பக்கத்தில் விளையும் ரப்பரின் கதை வேறு மாதிரி. விடியற்காலையில் வெட்டி எடுக்கும் பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர் மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். தட்டில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் விட்டால் அந்தச் சுமை அடங்கும், பால் உறையும், ஷீட் அடிக்கலாம். அம்மோனியா விட்டால் உறையாமல் இருக்கும். கூழ்மம், பலபடி என்று இரண்டு பாடங்களுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

ஆனால் கேரள மேனிலைப் பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி நூலிலிருந்து அந்த இரண்டு பாடங்களையுமே 2022இல் பாடக்குறைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் கதை மாறுகிறது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால் ஒரே மாதிரித் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகங்கள். 2019இல் வந்த தமிழ்நாட்டு நூலில் இயற்கை ரப்பரும் கந்தகம் சேர்த்து அதை வலுப்படுத்துவதும் இருக்கின்றன. பாடச் சுமையைக் குறைக்க வேண்டியதுதான். ரப்பர் விளையும் மண்ணில் ரப்பரை எடுத்தா குறைப்பது?

எல்லைக்கோட்டுக்கு இப்பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பெருமைப்படவும் அதிகமில்லை. 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் பலபடி கிடையாது. மருத்துவக் கனவோடு படிக்கும் பிள்ளைக்கு, எந்த மாநிலத்தில் இருந்தாலும், அந்தப் பக்கத்தைத் திறக்க நேரமில்லை.