கேஸ் தீர்ந்துபோவதில்லை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏசி திருத்தும் பாஸ்மாருக்கு ஓய்வில்லை. அறை குளிரவில்லை என்று அழைப்பு வரும். வந்தவர் வெளிப்பெட்டியில் மானியைப் பூட்டிப் பார்த்து, அமுக்கம் இறங்கிவிட்டது, கேஸ் முடிந்துவிட்டது என்பார். சிலிண்டரைத் திறந்து கேஸ் அடித்ததும் அறை குளிரும், வீட்டுக்காரரும் திருப்தியோடு பணத்தைக் கொடுப்பார். சில மாதம் கழித்து அதே அறை, அதே புழுக்கம், மறுபடியும் அதே கேஸ். நமது கரையோர ஊர்களில் வேரோடிப்போன இந்த வழக்கத்தைத் திருத்தவேலை என்று சொல்லவே கூடாது. ஏசிக்குள் இருப்பது பெற்றோல்போல் எரிந்து தீரும் பொருளல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் அடைத்த கேஸ் அது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுகிய இடத்தைத் தேடாமல் மேலும் கேஸ் அடித்தால், அதுவும் அதே வழியால்தான் வெளியேறும்.

சுவரில் மாட்டும் ஏசி செய்வதெல்லாம் வெப்பத்தை உள்ளே அள்ளி வெளியே கொட்டுவதுதான். குளிர்நாடுகளில் இதே பொறியை மறுபக்கமாக ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். கல்முனைக்கு ஒரு பக்கமே போதும். ஆர்-22 என்ற பழைய கேஸ், சாதாரண காற்றமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 41 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். உள்பெட்டியின் கொயிலுக்குள் அது கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை நெருக்கி வெளிப்பெட்டிக்குத் தள்ள, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது. ஒழுக்கு இல்லையென்றால், கம்பனியில் நிரப்பிய கேஸ் அந்தப் பொறியின் ஆயுள் முழுவதும் இப்படியே சுற்றிவரும்.

மானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உள்பெட்டியின் பில்டரில் தூசு அடைத்தால் கொயிலின் மேல் போதிய காற்றுப் படாது. காற்றுப் படாவிட்டால் கேஸுக்கு வெப்பம் கிடைக்காது. அமுக்கம் விழும், கொயிலில் பனிக்கட்டி படியும். கேஸ் குறைந்தாலும் அமுக்கம் விழும், பனிக்கட்டி படியும். மானிக்கு இரண்டும் ஒன்றுதான். வயல் பக்கமாக இருக்கும் வீடுகளில் அறுவடைக் காலத்துப் பதரும் தூசும் பில்டரை மூடியிருக்க, பிழை கேஸில் என்று நினைத்து மேலும் அடித்தால், அளவுக்கு மிஞ்சிய கேஸ் திரவமாகவே கொம்பிரசருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் பில்டரையும் கொயிலையும் கழுவி, பனிக்கட்டி முழுவதும் கரையவிட்டு, பிறகு ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். நல்ல நிலையில் உள்ள பொறி இழுக்கும் காற்றைவிட விடும் காற்று பொதுவாக 8 முதல் 12 பாகை வரை குளிர்ந்திருக்கும். கழுவிய பிறகும் அந்த வித்தியாசம் வராமல், கொயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்றப் பகுதி வெதுவெதுப்பாக இருந்தால்தான் கேஸ் குறைவு என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. வெளிப்பெட்டி ஃபேன் சுற்றவில்லையென்றால் அது வேறு கதை. பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், அதற்கும் கேஸுக்கும் தொடர்பில்லை.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கே தேடுவது? நமது ஊர்களில் சந்தேகம் முதலில் விழவேண்டிய இடம், குழாயும் வெளிப்பெட்டியும் சேரும் ஃபிளேர் நட். செம்புக் குழாயின் வாயை விரித்து, நட்டால் இறுக்கும் பூட்டு அது. விரித்த வாயில் ஒரு கீறல் இருந்தாலோ, சாவியை அளவுக்கு மிஞ்சித் திருகியிருந்தாலோ கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும். கேஸோடு சேர்ந்து கொம்பிரசர் எண்ணெயும் கசிவதால் அந்த இடத்தில் பிசுபிசுவென்று ஒரு கறை இருக்கும். காற்றில் வரும் மண்ணும் தூசும் அதில் ஒட்டிக் கறுத்திருக்கும். அங்கே சவர்க்கார நுரையைத் தடவிப் பொறுமையாகப் பார்த்தால் குமிழி ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டு எழும். அடுத்த இடம் கொயில். கடல் பக்கத்து வீடுகளில் உப்பு ஈரம் படிந்து, செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடமெல்லாம் அரிக்கும். தகடுகள் வெள்ளைத் தூளாக உதிரும், பெட்டியும் திருகாணியும் கறள் பிடிக்கும். உப்புக்கு வழி கிடைத்த இடத்தில் செம்பும் நாளடைவில் ஊசித்துளை விடும்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது, ஒழுக்குத் தேட உதவும் நைதரசன் சிலிண்டருக்கும் குழாயை வெறுமையாக்கும் வெற்றிடப் பம்புக்கும் சின்ன வேலைக்காரர் எங்கே போவார் என்று கேட்பது நியாயம். ஆனால் குழாய்க்குள் திரவம் மிச்சமிருக்கும்வரை, ஆர்-22க்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ கேஸின் அமுக்கம், பொறி நின்றிருக்கும்போதே, 30 பாகை வெப்பத்தில் காற்றமுக்கத்தின் 18 மடங்குக்கு மேல் இருக்கும். ஃபிளேர் நட்டில் ஒழுக்கைக் காட்ட அதுவும் ஒரு கிண்ணம் நுரையும் போதும். உண்மையான தடை கருவியில் இல்லை, நாம் கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது. கேஸ் அடித்தால் பணம் கொடுக்கிறோம்; ஒரு மணித்தியாலம் தேடி ஒழுக்கைக் கண்டுபிடித்து நட்டை மாற்றியவரிடம், இதற்கா இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். கண்டுபிடிப்பதற்குச் செலவிட்ட நேரத்துக்கான கூலியும் ஹலாலான கூலிதான். அதைக் கொடுக்க நாம் மறுக்கும்வரை, கேஸ் விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கேஸ் அடிப்பது மலிவு என்ற கணக்கும் முதல் தடவைக்கு மட்டுமே சரி. குறைந்த கேஸோடு ஓடும் கொம்பிரசருக்குத் தன்னைக் குளிரவைக்கப் போதிய குளிர்ந்த ஆவி திரும்பி வராது, எண்ணெயும் குறையும், அறை குளிராததால் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். கடைசியில் அது எரிந்துபோனால் வரும் செலவுக்கு முன்னால் தேடுகூலி ஒன்றுமேயில்லை.

கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பைத் தடுக்கமுடியுமா என்பது அடுத்த கேள்வி. முழுதாகத் தடுக்கமுடியாது, ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் வீடே மறைவாக நிற்கும் பக்கத்தில், நிழலில் மாட்டலாம். பொறியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெளிக்கொயிலை அடிக்கடி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவலாம். உவர்க்கிணற்றுத் தண்ணீர் ஆகாது. வாங்கும்போது பூச்சுப் பூசிய கொயிலா என்று கேட்கலாம்.

வெளியேறும் கேஸ் நம் வீட்டோடு போவதுமில்லை. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் ஒரு கிலோ வளியை வெப்பமாக்குவதில் 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஆர்-32 என்ற இன்னொரு கேஸ் ஏறக்குறைய 675 கிலோவுக்குச் சமம், ஆனால் இலேசாகத் தீப்பற்றக்கூடியது. அதனால் கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு விளக்கைக் காட்டக்கூடாது. ஆர்-22 போன்ற ஓசோனை அரிக்கும் பொருட்களை நிறுத்தச் சொல்லும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் கிகாலித் திருத்தத்தை 2018இல் ஏற்றது. ஆர்-22 இனி அரிதாகிக்கொண்டே போகும். அந்தக் கேஸில் ஓடும் பழைய பொறியின் கொயில் வெள்ளைத் தூளாகிவிட்டிருந்தால் அதற்கு மேலும் கேஸ் வாங்குவது வீண், மாற்றிவிடலாம். கொயில் நன்றாக இருக்கிறதென்றால், ஒழுக்கை அடைத்து, வெற்றிடமாக்கி, பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கும் நிறையைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். எந்தத் திகதியில், எத்தனை கிராம், எந்த இடத்தில் ஒழுக்கு என்பதை வெளிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் பாஸ் எங்கிருந்து தேடத் தொடங்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.