உஷார்! லேபிள் இல்லாத டப்பா விடுதிக்குள் வந்துவிட்டது

ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் விடுதிகளில் தங்கி ஷிப்டுக்குப் போகிற தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான். வெள்ளைப்படுதலுக்கு, மாதவிலக்குக் கோளாறுக்கு என்று சொல்லி வாங்கிய மூலிகைப் பொடி உங்கள் அறையில் இருந்தால், டப்பாவை இப்போதே திருப்பிப் பாருங்கள்.

நான் பார்த்த டப்பாவில் ஒரு இலைப் படமும் ஒரு செல்போன் எண்ணும் மட்டும்தான் இருந்தன. தயாரித்தவர் பெயர் இல்லை. முகவரி, உரிம எண், பேட்ச் எண், தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எதுவுமே இல்லை. திறந்தால் பழுப்புப் பொடி, மூக்கைத் துளைக்கிற நெடி. ஜிபேயில் ஆயிரத்து ஐநூறு ரூபாய் அனுப்பி வாங்கியிருந்தாள், விடுதியில் தங்கியிருக்கிற ஒரு பெண். மூன்று வாரமாக அரிப்பு. "வார்டன்கிட்ட எப்படிக்கா சொல்றது? வெள்ளைப்பட்டா எலும்பு கரைஞ்சிடும்னு வீடியோல சொன்னாங்க" என்றாள்.

எலும்பு கரையாது. அந்தப் பயத்தைக் காட்டித்தான் அவளிடம் காசைப் பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் நிறமும் வாடையும் இல்லாமல் வழவழப்பாக வருவது உடம்பின் இயல்பு, அதற்கு மருந்தே வேண்டாம். தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மீன் கவிச்சி வாடை என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. மஞ்சளாக, பச்சையாக, நுரைத்து வந்தால் அது உறவின் மூலம் தொற்றுவதாக இருக்கலாம், அப்போது துணைவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? சர்க்கரையைப் பரிசோதியுங்கள். இத்தனை காரணத்துக்கும் ஒரே பொடி என்கிறவர் உங்களைப் பரிசோதிக்கவே இல்லை என்பதை யோசியுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கைச் சரிசெய்யும், தாம்பத்திய இன்பத்தைக் கூட்டும், கர்ப்பப்பை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஆக, பஸ் ஸ்டாப் சுவரில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிற நோட்டீஸே சட்டவிரோதம். அதை ஒட்டியவர் கொடுக்கும் பொடியை மட்டும் எப்படி நம்புவது?

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று நினைக்காதீர்கள். 2011-12-இல் நியூயார்க்கில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. காரணம், அவர்கள் சாப்பிட்ட இந்திய ஆயுர்வேத மருந்துகள். ஈயம் தாயோடு நிற்காது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிறப்புறுப்பை 'இறுக்கும் ஜெல்' என்று விற்பது வேறு வகை ஆபத்து. படிகாரம், மாசிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கை உள்ளே வைத்தால் மென்தோல் வறண்டு வெடிக்கும், தொற்றுக்கு வாசல் திறந்தது போலாகும்.

எனக்கு மிகவும் பயம் தருவது 'தள்ளிப்போனதுக்கு' என்று ரகசியமாகக் கைமாறும் பொட்டலம்தான். எருக்கம்பால், சேராங்கொட்டை, கொடிவேலி வேர் என்று கருவைக் கலைக்க நாட்டில் கொடுத்துவந்த விஷங்களைத் தடயவியல் புத்தகங்களே பட்டியல் போடுகின்றன. கரு, கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் எந்தக் கஷாயமும் கேட்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியும் தலைசுற்றலும் வந்தால் நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 18 வயது நிறைந்திருந்தால் கருக்கலைப்புக்கு உங்கள் சம்மதம் மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர் யார் கையெழுத்தும் வேண்டாம். உங்கள் பெயரை வெளியே சொல்லவும் சட்டம் அனுமதிக்காது.

பெயரில்லாத மருந்தை உழைக்கும் பெண்களின் கையில் திணிப்பது நம் ஊரில் புதிதல்ல. 2019-இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரை கொடுத்ததைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது. சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். சோதித்ததில் அவை இபுப்ரூஃபன் வகை வலி மாத்திரைகள் என்று தெரிந்தது. என்ன மாத்திரை, பக்கவிளைவு என்ன என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. லைனில் நிற்கிற பெண் வலிக்கிறது என்று உட்கார முடியாது. பாத்ரூம் போக, தன் இடத்தில் நிற்க ரிலீவர் வரவேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறாள், சிறுநீரை அடக்குகிறாள். எரிச்சல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொடிக்காரன் அதற்கும் 'உடல் சூடு' என்று பெயர் வைத்துவிடுகிறான்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடாதே என்று எச்சரிப்பதே சித்த மருத்துவம்தான். அதுதான் வேண்டுமென்றால் ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் போங்கள். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்த மருத்துவர் நாடி பார்த்து, சோதித்து மருந்து தருவார். அலோபதி என்றால் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். பெயரைப் பார்த்துக் கூசாதீர்கள். வெள்ளைப்படுதலுக்கு அங்கே பச்சை நிற உறையில் இலவசமாக மாத்திரை உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அது உங்கள் காசு, ஈ.எஸ்.ஐ. கார்டோடு அவர்கள் மருத்துவமனைக்கும் போகலாம். உறவுக்குப் பிறகு ரத்தம் கசிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அப்படியும் முதலில் தலைகாட்டலாம்.

பொடி வாங்கிய அந்தப் பெண் வார விடுப்பில் மருத்துவமனைக்குக் கிளம்பியபோது பொடியைக் கொட்டிவிடப் பார்த்தாள். வேண்டாம், டாக்டருக்கு அதுவும் தெரிய வேண்டும் என்றேன். டப்பாவைத் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.