தோட்ட வேலை என்றார்கள், விசாவில் ஆடு இருந்தது

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் 26 வயது இளைஞர் ஒருவர் போன மாதம் நம்மைத் தேடி வந்தார். கையில் பாஸ்போர்ட், செல்போனில் விசா நகல். குவைத்தில் தோட்ட வேலை, மாதம் 120 தினார், சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு, ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம். "போகலாமாண்ணே?" என்றார்.

ஒரு தினார் 270 ரூபாய்க்குக் குறையாது. அப்படியானால் மாதம் 32 ஆயிரத்துக்கு மேல். இங்கே அவருக்குக் கொள்முதல் நடக்கும் மாதங்களில் மட்டும்தான் வேலை. 40 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றி லாரிக்கும் தராசுக்கும் நடக்க வேண்டும். மற்ற மாதங்களில் சித்தாள் வேலை, அதுவும் இல்லாவிட்டால் திருப்பூர் பஸ். அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு வயலில் ஆம்பளைக்கு ஏது வேலை? சொந்தமாக ஒரு மா நிலமும் கிடையாது. ஏன் போகிறாய் என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை.

விசாவில் வேலையின் பெயர் அரபியில் இருந்தது. நமக்குப் படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது. முத்துப்பேட்டையில் பழக்கமான ஆலிம் ஒருவரிடம் போனோம். செல்போனைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல தோட்டம்னு எதுவும் இல்ல தம்பி. ஆடு மேய்ப்பவர்னு போட்டிருக்கு."

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆடுன்னா என்னண்ணே, நம்ம பார்க்காத ஆடா?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அதனால், போய்வந்த இரண்டு பேரிடம் அவரைக் கூட்டிப்போனோம்.

முதலாமவர் நான்கு வருடம் இருந்தவர். முதலாளி நல்லவர், சம்பளம் மாதாமாதம் வந்தது. தங்கை கல்யாணம் முடித்து, தளம் போட்ட வீடும் கட்டிவிட்டார். கூரை வீட்டு வாசலில் வந்து நின்று வேலைக்குக் கூப்பிடுகிற மிராசு வீட்டு ஆள் இப்போது அவர் வாசலுக்கு வருவதில்லை. அது எத்தனை தினாருக்குச் சமம் என்று நம் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பாலைவனத்தைப் பற்றிக் கேட்டால் அவரே சுருக்கமாகத்தான் பேசுகிறார். கூடாரத்தில் படுக்கை. தண்ணீர் லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் ஆட்டுக்குப் போக மீதி. காய்ந்த குப்பூஸ். மணல்காற்று அடித்தால் இரண்டு நாள் கண் திறக்க முடியாது. குளிர்காலத்தில் ராத்திரி பல்லைக் கிட்டும் குளிர். தமிழ் பேச ஆள் இல்லாமல் ஆட்டோடு பேசிப் பழகியதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பே உறுதிசெய்த அளவு அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்ட வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அதிகாரி வந்து பார்ப்பார். ஆள் அரவமற்ற மணலில், ஆட்டுக் கிடைக்கு யார் வந்து பார்ப்பது?

இரண்டாமவர் ஏழே மாதத்தில் திரும்பியவர். சொன்ன சம்பளம் 100 தினார், கொடுத்தது 60, அதுவும் மூன்று மாதம்தான். பாஸ்போர்ட் முதலாளி கையில். வாங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படியே தவறு, ஆனாலும் நடக்கிறது. விட்டு ஓடினால் 'தலைமறைவு' என்று புகார் கொடுப்பார்கள், அப்புறம் போலீஸ் கண்ணில் பட்டாலே பிடிதான். எப்படியோ தூதரகத்தை எட்டிப் பிடித்து வந்து சேர்ந்தார். வந்த அன்றிலிருந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

2022இல் நம் திருவாரூர் மாவட்டத்திலிருந்து குவைத் போன ஒருவர், ஒட்டகம் மேய்க்க விடப்பட்டு, போன சில நாட்களிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரும் வேறு வேலை என்று நம்பிப் போனவர்தான். சவூதியில் 2021 மார்ச்சில், தொழிலாளி தன் விருப்பப்படி வேலை மாறச் சில வழிகளைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சலுகையிலிருந்து விலக்கப்பட்டவர்களில் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர் ஆகியோரோடு ஆடு மேய்ப்பவரும் உண்டு. இந்த வேலைகளுக்கு யார் போகிறார்கள் என்று ஒரு தரம் நம் தெருக்களில் விசாரித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவருக்குக் கிடைப்பது குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். நம் இளைஞர் ஒன்பதாவதோடு நின்றவர், நின்றது அப்பாவுக்குக் கால் ஒடிந்த வருடம். பள்ளிக்கூடத்தில் விழுந்த ஓட்டை பாலைவனம் வரை கூடவே வருகிறது.

இனி கடன் கணக்கு. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது மத்திய அரசு விதி. இங்கே கேட்பது ஒன்றரை லட்சம். அம்மாவின் தோடு, மூக்குத்தி போக மீதியை மூன்று வட்டிக்கு வாங்குவதாகத் திட்டம். ஒன்றரை லட்சத்துக்கும் வட்டி என்றால் மாதம் 4,500. சம்பளம் ஒழுங்காக வந்தால் சமாளிக்கலாம். வராமல் போனால்? வெயில், குளிர், தனிமை எதற்கும் பயந்து திரும்பிவர முடியாது, ஏனென்றால் வட்டிக்காரர் காலனி முனையில் உட்கார்ந்திருப்பார். இந்த இடத்தில்தான் அவருடைய பாட்டி வாய் திறந்தார். அவர் மாமனார் பண்ணையாளாக இருந்தவர். கல்யாணத்துக்கு வாங்கிய சில கலம் நெல்லுக்காக வேறு பண்ணைக்குப் போக முடியாமல் ஆயுசையே கழித்தவராம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968இல் கீழவெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள், அதற்கும் பிறகுதான் தஞ்சைச் சீமையில் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். பாட்டி இந்த வருடக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. "கடன வாங்கிட்டுப் போறவன் வேலைக்காப் போறான், அடமானமாப் போறான்" என்று மட்டும் சொன்னார்.

போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இங்கேயே கிட என்று சொல்ல நாம் யார்? நாம் சொன்னது இவ்வளவுதான்: வட்டிக் கடனில் போகாதே, விசாவில் என்ன வேலையோ அதுவே ஒப்பந்தத்திலும் இருக்கட்டும், அந்த ஒப்பந்தம் இ-மைக்ரேட்டில் ஏறாமல் விமானம் ஏறாதே. முறைப்படி போனால் பத்து லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அதன் பெயரை இந்தக் காலனியில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை. தாட்கோவில் ஆட்டோவுக்கு, மாட்டுக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். வெளிநாடு போகும் செலவுக்கு வாங்கிய ஒருவரை நம் பக்கத்தில் இதுவரை பார்க்கவில்லை. அதிகாரிகள் கவனிக்கலாம்.

இளைஞர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு இ-மைக்ரேட் பதிவு எண்ணைக் கேட்டார். மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நான்காம் நாள் அவரே கூப்பிட்டார்: ஒன்றரை வேண்டாம், ஒரு லட்சத்து பத்தாயிரம் போதும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், இன்னும் பத்து நாள்தான் டைம்.

நேற்று மாலை கொள்முதல் நிலையத்தில் அவரைப் பார்த்தோம். தலையில் சாக்குத் துண்டு, முதுகெல்லாம் நெல் சுணை. பத்தாவதைத் தனித்தேர்வராக எழுத என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தார். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அம்மாவின் தோடு அம்மா காதிலேயே இருக்கிறது. பத்து நாளில் இன்னும் ஆறு நாள் பாக்கி.