பி.எஸ்சி. படித்துக்கொண்டே மருத்துவத் துறைக்குத் தயாராவது எப்படி?

கோவளத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பு கண்ணுக்கெட்டாத விஷயம் அல்ல. மேற்கே கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடக்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம். மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. ஆனாலும் நீட்டில் மார்க் போதாமல் பி.எஸ்சி. விலங்கியலிலோ நுண்ணுயிரியலிலோ சேர்ந்தவர்கள் இந்தக் கரை நெடுக இருக்கிறார்கள். முதல் செமஸ்டர் முடிவதற்குள் வீட்டில் கேள்வி கிளம்பிவிடும்: “டிகிரி முடிச்சிட்டு டாக்டருக்குப் படிக்க முடியுமா?”

முடியும். ஆனால் அந்த டிகிரி அதற்கு ஒரு மார்க்கும் கூட்டித் தராது. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து, எம்கேட் தேர்வு எழுதித்தான் மருத்துவப் பள்ளிக்குப் போவார்கள். கல்லூரி மதிப்பெண், மருத்துவமனையில் தொண்டு செய்த அனுபவம், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் அங்கே எடைபோடுவார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் ஆலோசனைகள் பலவும் அந்த மாணவர்களுக்கானவை. இங்கே எம்பிபிஎஸ் என்பது பிளஸ் டூவை அடுத்த படிப்பு. தமிழ்நாட்டில் 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தந்தார்கள். 2017 முதல் நீட். விலங்கியலில் தங்கப் பதக்கம் வாங்கியவரும், பள்ளியை இப்போதுதான் முடித்த பதினேழு வயதுப் பெண்ணும் ஒரே வினாத்தாளைத்தான் எழுத வேண்டும்.

விதிகள் பட்டதாரிக்குச் சாதகமாகவே இருக்கின்றன. நீட் எழுத மேல் வயது வரம்பு கிடையாது. அது 2022இல் நீக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். அந்த மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் தேவை. பள்ளியில் உயிரியலை விட்டவர்கள் அதைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

தேர்வு மொத்தம் 720 மதிப்பெண்ணுக்கு. 180 கேள்விகளில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் தலா 45. விலங்கியல் மாணவர் சறுக்குவது பெரும்பாலும் இயற்பியலில்தான். கல்லூரிக்குப் போனபின் பலர் அந்தப் பாடத்தைத் தொடுவதே இல்லை. ஆண்டு இரண்டு போனால் கப்பி, நெம்புகோல் கணக்குகூட மறந்துவிடும். உயிரியலிலும் ஒரு பொறி உண்டு. கல்லூரியில் ஆழமாகப் படித்தவர் விடைகளுக்குள் நுணுக்கத்தைத் தேடுவார். கேள்வி எடுத்தவரோ என்சிஇஆர்டி புத்தகத்தின் வரியை எதிர்பார்த்திருப்பார். பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பதும் வீண். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் சுருக்கப்பட்டு, உயிரியலில் செரிமானம், வேதியியலில் திடநிலை போன்ற அத்தியாயங்களே போய்விட்டன.

போட்டி யாரோடு என்பதையும் பார்க்க வேண்டும். 2020-21இல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு கண்டது. அவர்களில் பலர் ஆண்டு முழுக்கக் கோச்சிங்கிலேயே இருந்தவர்கள். பகலில் லேப், ரெக்கார்டு நோட்டு, இரவில் நீட் என்று ஓடுகிறவருக்கு இது கடுமையான பந்தயம். முதலாண்டில் ஒரு முறை முழு மூச்சாக முயலலாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிட வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று அரியரோடு வெளியே வருவதுதான் பெரிய நஷ்டம்.

எம்பிபிஎஸ்ஸோடு மருத்துவத் துறை முடிந்துவிடுவதில்லை. பிசியோதெரபி, டயாலிசிஸ் தொழில்நுட்பம், கதிரியக்கம் எல்லாம் 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் முறைப்படுத்தப்படும் தொழில்கள். பேச்சு-செவித்திறன் சிகிச்சை இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வருகிறது. பேச்சே வராத ஒரு குழந்தை “அம்மா” என்று சொல்ல மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து உழைக்கும் சிகிச்சையாளரின் வேலை எந்த டாக்டரின் வேலைக்கும் குறைந்ததல்ல. ஆனால் இவற்றில் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், பி.எஸ்சி.யில் செலவான ஆண்டுகள் கணக்கில் வராது. சில படிப்புகளுக்கு வயது வரம்பும் உண்டு.

பி.எஸ்சி.க்கு உண்மையில் மதிப்புக் கிடைப்பது அடுத்த படியில். டெல்லி எய்ம்ஸும் புதுச்சேரி ஜிப்மரும் தனி நுழைவுத் தேர்வு வைத்து அறிவியல் பட்டதாரிகளை எம்.எஸ்சி.யில் சேர்க்கின்றன. உயிரிப் புள்ளியியல், பொது சுகாதாரம் என்றும் போகலாம். இவற்றைப் படித்தால் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது என்பதைச் சேருமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதே நேரம் இந்த வேலைகளின் பலம் சாதாரணமானதல்ல. காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்த ஆய்வில் டாக்டர்களோடு ஆய்வகத்தாரும் புள்ளியியலாளரும் வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களும் இருந்தார்கள்.

விலங்கியல் படிப்பவர் கட்டாயம் போக வேண்டிய இடம் கோவளத்துக்குத் தெற்கே, வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. மண்பானைக்குள் இருக்கும் நாகத்தை எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவை வாயில் கடிக்க வைக்கிறார்கள்; மஞ்சள் சொட்டாக விஷம் இறங்குகிறது. அதை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்ப, அவர்கள் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஊர்வனவற்றின் உடலியல், நோயெதிர்ப்பியல், மருந்தியல் மூன்றும் எப்படி ஒரே கோட்டில் வருகின்றன என்று அங்கே பார்த்த பிறகு, பாடப்புத்தகத்தைப் படிக்கும் விதமே மாறும்.

கடைசியாக, பலரும் அசட்டையாக விடும் காகித வேலை. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தமிழக அரசின் சாதிச் சான்றிதழ் போதும். பட்டினவர் குடும்பத்துப் பிள்ளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஆனால் அரசுக் கல்லூரிகளிலிருந்து போகும் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளியில் வாங்கி வைக்க வேண்டும். கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. உங்களுடையவை எங்கே இருக்கின்றன என்று இப்போதே கேளுங்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் நீட் மே முதல் ஞாயிறன்று நடந்தது. செமஸ்டர் தேர்வும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வரும். அதனால் இ-சேவை மையத்துக்குப் போவதை ஏப்ரலுக்குத் தள்ளாமல் பொங்கல் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.