கொட்டகைக் காமிராவின் எச்சரிக்கைகளும் கோளாறுகளும்

மாட்டுக் கொட்டகை, ஆட்டுப்பட்டி, பம்பு செட் அறை ஆகிய இடங்களில் காமிரா பொருத்தி, செல்போனில் நேரலைப் படம் பார்க்கும் வழக்கம் சிற்றூர்களிலும் பரவி வருகின்றது. வேளாண்மை இதழில் காமிராவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மோட்டார் கேபிளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

காமிரா அனுப்பும் செய்திகள் இருவகைப்படும். ஒன்று, "ஏதோ அசைந்தது" என்பது. மற்றொன்று, "காமிரா தொடர்பில் இல்லை" என்பது. பெரும்பாலோர் முதலாவதற்குப் பதறுகின்றனர், இரண்டாவதைத் தள்ளிவிடுகின்றனர். உண்மையில் இரண்டாவதே உடனே கவனிக்கத்தக்கது. தொடர்பு அறுந்த பின் திருடன் வந்தாலும் செய்தி வராது.

தொடர்பு அறுந்தால், அது எந்த நேரத்தில் அறுந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னிரவில் நின்று, வெயில் ஏறியதும் தானே உயிர்பெற்றால் பாட்டரியில்தான் குறை. சோலார் பலகையில் தூசியோ வாழையிலையின் நிழலோ படிந்திருக்கின்றதா என்று பார்க்கவும். நம் பகுதியில் பலகை தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் நலம். மாலையில் நின்று, நள்ளிரவு 12 மணிக்குப் பின் சரியானால், சிம் கார்டின் அன்றாட டேட்டா தீர்ந்திருக்கலாம். விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் படம் ஓடினால் மணிக்கு 450 எம்.பி. செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. கொண்ட திட்டம் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெளியூரிலுள்ள மகன் படத்தைத் திறந்தபடி வைத்திருந்தாலே போதும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் செலவு குறையும். மின்சாரம் நிற்கும்போதெல்லாம் தொடர்பும் போனால், ரூட்டருக்குத் தனியே ஒரு சிறு பாட்டரி தேவை.

இனி, வீண் எச்சரிக்கைகள். இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்கின் அருகே பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடியின் முன் அசையும் ஒற்றை நூலிழை விளக்கொளியில் பெரிதாகத் தெரிந்து, விடியும்வரை எச்சரிக்கை ஒலித்துக்கொண்டேயிருக்கும். வாரம் ஒருமுறை மென்மையான துணியால் துடைப்பதே இதற்கு மருந்து. முன்னால் ஆடும் கிளையை வெட்டிவிடவும். மாடு கட்டிய இடத்தை விலக்கி, வாசலை மட்டும் காவல் பகுதியாகக் குறித்து வைக்கவும். எரிச்சலில் செல்போனின் ஒலியை அடக்கிவிடுவது மட்டும் கூடாது. வீண் செய்திகளோடு மெய்யான செய்தியும் அமிழ்ந்துபோகும்.

உடல் வெப்பத்தை உணரும் கருவியுள்ள காமிராக்கள் கடுங்கோடைப் பகலில் மந்தமாகும். சுற்றுவெப்பமும் உடல் வெப்பமும் நெருங்கிவிடுவதே காரணம். நேரே எதிரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை இவை எளிதில் உணர்வதால், பாதைக்குப் பக்கவாட்டில் பொருத்துதல் வேண்டும்.

படம் நன்றாக வருகின்றது, எச்சரிக்கை மட்டும் வரவில்லையெனில் குறை செல்போனில் இருக்கலாம். பாட்டரியைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு அச்செயலியை உறங்க வைத்துவிடும். அமைப்புகளில் அதற்கு விலக்களிக்கவும். அறிவிப்பு அனுமதியையும் பார்த்துக்கொள்ளவும்.

பல நாட்களாகச் செய்தியே இல்லையென்றால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வாரம் ஒருநாள் இரவில் நீங்களே காமிராவின் முன் நடந்து, செல்போன் ஒலிக்கின்றதா என்று பார்க்கவும். ஒலிக்காவிடில் மறுநாள் வரை காத்திராமல் அன்றிரவே கொட்டகையில் ஆள் படுக்க வேண்டும்.