பனிக்குடமும் மருந்தும்

கருவிலிருக்கும் குழவியை நீரோடு சூழ்ந்து காக்கும் பையைப் பனிக்குடம் என வழங்குகிறோம். பேறுகாலத்தில் அஃது உடைதல் இயல்பே. ஆனால் 37 வாரம் நிறையுமுன், வலி காணாமலே உடையுமாயின் இடர் இரண்டு: குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம், திறந்த வழியே நோய்க்கிருமிகள் கருப்பையை அடையலாம்.

இந்நிலையில் கிருமிக்கொல்லி மருந்து உதவுமா? உடைந்த பனிக்குடத்தோடு வந்த 4,826 தாய்மாரிடம் நிகழ்த்திய 'ஓரக்கிள்' ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. எரித்ரோமைசின் உண்டோர்க்குப் பேறு சற்றே தள்ளிப்போயிற்று. குழந்தைகளின் இரத்தத்தில் கிருமி காணப்பட்டதும் குறைந்தது. கோ-அமாக்சிகிளாவ் என்னும் மற்றொரு மருந்தோ, குழந்தைகளிடம் குடல் அழுகும் கொடுநோயை மிகுவித்தது. எனவேதான் இன்று எரித்ரோமைசினைப் பத்து நாள் வரை கொடுக்கும் முறை பிரிட்டனில் நிலவுகிறது.

வியப்பு இனித்தான். பனிக்குடம் உடையாமல், குறைமாதத்தில் வலி மட்டும் கண்ட தாய்மார்க்கு அதே எரித்ரோமைசின் பயன் தரவில்லை. அவர்தம் பிள்ளைகளை ஏழாம் அகவையில் ஆராய்ந்தபோது, மருந்துண்ட தாய்மாரின் பிள்ளைகளிடையே மூளை முடக்குவாதம் மிகுந்திருந்தது. இவ்வுண்மை 2008இல் வெளியாயிற்று.

மருந்து ஒன்றே, நிலை வேறு, விளைவும் வேறு. ஆதலின், கருவுற்ற பெண்ணுக்கு நீர் கசிவதாக ஐயம் தோன்றினும், வீட்டிலுள்ள மாத்திரையை நாடாது உடனே மருத்துவமனை செல்லுதலே தாய்க்கும் சேய்க்கும் காப்பாகும்.