கிறித்தவத் தேசியவாதமும் அதன் இறையியலும்: காரைக்கால் கரையோர வரலாற்றின் வழி ஒரு கிறித்தவத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாட்டையும் திருச்சபையையும் ஒன்றாக்கி, அரசதிகாரத்தை இறைத்திட்டத்தின் கருவியாகக் கொள்ளும் கருத்தியல் கிறித்தவத் தேசியவாதம் எனப்படும். கிறித்தவர் சிறுபான்மையினராக வாழும் தமிழகச் சூழலுக்கு இது தொடர்பற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. காரைக்கால், தரங்கம்பாடிப் பகுதிகளின் வரலாறும் இந்தியக் கிறித்தவச் சிந்தனையாளர்களின் நிலைப்பாடுகளும் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிறித்தவத் தேசியவாதம், காரைக்கால், தரங்கம்பாடி, பார்மன் அறிக்கை, சாதி, நாகாலாந்து.

முன்னுரை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் வரிச்சிக்குடி. இதன் தெற்கே உள்ள காரைக்கால் 1739 முதல் கத்தோலிக்கப் பிரான்சின் ஆட்சிக்குட்பட்டது. வடக்கே உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை லுத்தரன் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. சில கல் தொலைவுக்குள் இரண்டு கொடிகளும் இரண்டு திருச்சபைகளும் நிலவின. எந்தக் கரையில் எந்தச் சபை வேரூன்றும் என்பதை உறுதிசெய்ததில் ஐரோப்பிய அரசர்களின் சமயத்திற்குப் பெரும்பங்கு இருந்தது. எனவே, அரசும் சபையும் பிணைந்தபோது நிகழ்ந்தவற்றை ஆராய இக்கரையோரம் ஏற்ற களமாகிறது.

இறையியல் அடித்தளம்

கிறித்தவத் தேசியவாதம் மூன்று கருத்துகளின்மேல் நிற்கிறது. முதலாவது, இறைவன் இஸ்ரயேலைத் தெரிந்துகொண்டதுபோல் ஒரு நாட்டையும் தெரிந்துகொண்டார் என்பது. இரண்டாவது, ஆள்வோரின் அதிகாரம் இறைவனிடமிருந்து வருவதால் கிறித்தவ அரசின் செயல் இறைச்செயலே என்பது. மூன்றாவது, நாட்டின் எல்லையைக் காப்பதே நற்செய்தியைக் காப்பது என்பது.

விவிலியமே இம்மூன்றையும் கேள்விக்குட்படுத்துகிறது. பிற இனங்களையும் அவர்களின் நாடுகளிலிருந்து நடத்திவந்தவர் அதே இறைவனே என்று ஆமோஸ் இறைவாக்கினர் இஸ்ரயேலுக்கு நினைவூட்டுகிறார். தெரிந்துகொள்ளுதல் அங்கே உரிமையாக அன்றிப் பொறுப்பாகிறது. ஆளும் அதிகாரத்தை ஏற்கச் சொல்லும் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தைப் படிப்போர், பேரரசைக் கொடிய விலங்காகக் காட்டும் திருவெளிப்பாட்டின் 13ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். உலக அரசுகள் அனைத்தையும் தருவதாகச் சொன்ன அலகையை இயேசு பாலைநிலத்தில் மறுத்தார். அதிகாரத்தின் வழியே இறையாட்சியைக் கொணர்தல் என்பது நற்செய்தி நூல்களின்படி ஒரு சோதனையே.

அரசும் அருட்பணியும்

சீகன்பால்கும் புளுட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கால் அனுப்பப்பட்டு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். அதே அரசரின் பெயரால் ஆண்ட ஆளுநர் ஹாசியஸ் 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கைச் சிறையிலடைத்தார். சிறைவாசம் நான்கு மாதங்கள் நீடித்தது. கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியது இதற்குரிய உடனடிக் காரணங்களுள் ஒன்று. ஆளுநரும் குருவும் ஒரே அரசருக்கும் ஒரே சபைக்கும் உரியவர்கள். ஆயினும் எளியவரின் வழக்கு வந்தவுடன் கிறித்தவ அரசின் நலனும் கிறித்தவ நெறியும் எதிரெதிரே நின்றன.

பிரெஞ்சுப் பகுதியில் இப்பிணைப்பு வேறு வடிவங்களில் வெளிப்பட்டது. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, இயேசு சபையாரின் கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் டூப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதனைப் பதிவுசெய்கிறது. போர்த்தேவை என்ற காரணமும் சமய வெற்றி என்ற நோக்கமும் இச்செயலில் பிரிக்க முடியாதவாறு கலந்தன.

அதே நாட்குறிப்பின் 1745ஆம் ஆண்டுப் பதிவு மற்றொரு நிகழ்வைக் காட்டுகிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறித்தவரைப் பிற கிறித்தவரிடமிருந்து பிரித்த சுவர் ஒன்று இருந்தது. காரைக்கால் குரு அங்கு வந்திருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் திரண்டு முறையிட, அச்சுவர் அகற்றப்பட்டது. பிறசமயத்தாருக்கு எதிராக எழுந்த எல்லையும் உடன்விசுவாசிகளுக்கு எதிராக எழுந்த எல்லையும் ஒரே காலத்தில், ஒரே ஊரில் இருந்தன. இவற்றுள் இரண்டாவதைத் தகர்க்கத் தூண்டியது அரசாணை அன்று, ஒடுக்கப்பட்டோரின் குரலே.

இருபதாம் நூற்றாண்டின் எதிர்வினைகள்

ஜெர்மனியில் நாஜி ஆட்சியோடு இணைந்த 'ஜெர்மன் கிறித்தவர்' இயக்கத்தை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் அறிக்கை வெளியிடப்பட்டது. இதனை வரைவதில் கார்ல் பார்த் முதன்மைப் பங்கு வகித்தார். நீதியையும் அமைதியையும் பேணும் பணி அரசுக்கு உண்டு என்று ஏற்ற அவ்வறிக்கை, மனித வாழ்வு முழுமைக்கும் அரசே ஒழுங்காக அமைவதையும் திருச்சபை அரசின் உறுப்பாவதையும் மறுத்தது. எனினும் யூதர்கள் மீதான ஒடுக்குமுறையைப் பற்றி அது பேசவில்லை. சபையின் சுதந்திரத்தைக் காத்த இத்திறனாய்வு, அயலாரின் உயிரைக் காக்கும் அளவுக்கு விரியவில்லை.

இந்தியாவில் இதே வினா தொகுதி ஒதுக்கீட்டின் வடிவில் எழுந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் கிறித்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றார். ஆயினும் 1932ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்பு அதனை வழங்கியது. அரசியல் நிர்ணய சபையில், சென்னையிலிருந்து சென்ற ஜெரோம் டிசூசா அடிகளும் வங்கக் கிறித்தவரான எச். சி. முகர்ஜியும் 1949இல் சமயவழி இடஒதுக்கீட்டைக் கைவிடுவதை ஆதரித்தனர். திருச்சபை ஓர் அரசியல் இனமன்று என்னும் புரிதல் இந்நிலைப்பாட்டோடு இயைகிறது.

நாகாலாந்தும் ஒரு மறுப்புரையும்

இந்தியச் சூழலில் கிறித்தவத் தேசியவாதம் வெளிப்படையாக ஒலித்த இடம் நாகாலாந்து. 1980இல் தோன்றிய நாகா தேசிய சோசலிசக் குழு 'கிறித்துவுக்கே நாகாலாந்து' என்பதை முழக்கமாகக் கொண்டது. ஒடுக்கப்பட்ட சிறிய இனத்தின் தேசியத்தை வல்லரசின் தேசியத்தோடு ஒப்பிடுதல் தகுமா என்ற மறுப்பு இங்கு எழும். இம்மறுப்பில் உண்மையுண்டு. ஒரு மக்களினம் தன் மொழி, நிலம், மாண்பு ஆகியவற்றைக் கோருவது நியாயமான அரசியல் கோரிக்கை. அக்கோரிக்கைக்குப் புனிதத்தன்மை ஏற்றப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. புனிதமாக்கப்பட்ட இலக்கைப் பற்றி எதிர்த்தரப்போடு பேச்சு நடத்துதல் துரோகமாகத் தோன்றும். அவ்வினத்துக்குள் பிற சமயத்தவர் அயலாராவர். 1964இல் அமைதிக்குழு அமையவும் போர்நிறுத்தம் ஏற்படவும் முன்னின்றது நாகாலாந்து பாப்திஸ்து சபைகளின் மன்றமே என்பது கருதத்தக்கது. தேசியத்தின் ஊதுகுழலாவதற்கு மாறாக, நல்லுறவின் பாலமாகத் திருச்சபை செயல்பட முடியும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் அரசு எத்துணைக் கிறித்தவத் தன்மையுடையது என்பதை அதன் சின்னங்களைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. கைம்பெண்ணின் வழக்கு, அயலாரின் கோயில், கோயிலுக்குள் எழுந்த சுவர் ஆகியவற்றில் நிகழ்ந்ததைக் கொண்டே அளத்தல் வேண்டும். பெரும்பான்மைச் சமயத் தேசியவாதத்தை எதிர்க்கும் கிறித்தவர், அதே அளவுகோலைத் தம் வரலாற்றுக்கும் தம் சபைகளுக்குள் நீடிக்கும் சாதிக்கும் பொருத்தும்போதே அவ்வெதிர்ப்பு சிறுபான்மையின் தற்காப்பு என்னும் நிலையைக் கடந்து அறநிலையாகிறது.